கையில் நிற்காத களிம்பு

அனுப்புநர்:
பூஷ்தா ஸெர்வாலி,
த/பெ. மறைந்த அல்லால் ஸெர்வாலி,
முன்னாள் படைவீரர், ஆலிவ் காய் வியாபாரி,
நீரூற்றுக்கு எதிர் வீடு, ஸபூன் சந்து,
அயின் லஹ்மாம்.

பெறுநர்:
உயர்திரு மாகாண சுகாதார அதிகாரி அவர்கள்,
மாகாண சுகாதார அலுவலகம்.
(நேரில் பிரிக்கவும். எழுத்தர்கள் பிரிக்க வேண்டாம்.)

பொருள்: ஸபூன் சந்து பொது ரொட்டி அடுப்புக்கு வைக்கப்பட்ட அரக்கு முத்திரையை ரமலான் பிறைக்கு முன் நீக்க வேண்டுவதும், அடுப்புக்காரர் ஜீலாலி அவர்களின் கோப்பில் "கொடுத்த மருந்தைப் பயன்படுத்தவில்லை" என்று எழுதப்பட்டுள்ள குறிப்பை அடிக்க வேண்டுவதும் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்துக்கு நான் இதற்கு முன் அனுப்பியுள்ள மனுக்கள் அனைத்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.

1. இம்மனுவை எழுதுகிறவன் யார் என்று தெரியாமல் மேற்கொண்டு படிப்பது தங்களுக்குச் சிரமம். ஆகையால் முதலில் என்னைப் பற்றி. எங்கள் சந்தின் நீரூற்று என் மனுவால் வந்தது. சந்துமுனை விளக்கும் என் மனுவால் வந்ததே. ஒரு முறை கவர்னர் அலுவலகத்தில் என் கையெழுத்தைப் பார்த்த தலைமை எழுத்தர் எழுந்து நின்றே படித்தார். நாற்காலி உடைந்திருந்ததால் நின்றார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நீரூற்றின் மேல் என் பெயரைக் கல்லில் பொறிக்கக் கோரி நான் கொடுத்த தனி மனு தங்கள் பக்கத்து அலுவலகத்தில் இன்னமும் நிலுவையில் இருக்கிறது. அது வேறு விஷயம். பள்ளிக்கூடம் நான் அதிகம் போனதில்லை. இவனுக்குச் சொல்லிக்கொடுக்க இனி ஒன்றுமில்லை என்று ஆசிரியரே என் தகப்பனாரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

2. மனுவில் கண்ட ஜீலாலி என் தங்கை தாமோவின் கணவர். தங்கள் அலுவலகத்தின் நகர்ப்பிரிவு ஆய்வாளர் முத்திரை வைத்திருப்பது அவர் நடத்தும் அடுப்புக்குத்தான். எங்கள் சந்தில் ரொட்டி கடையில் வாங்கும் பழக்கம் கிடையாது. பெண்கள் வீட்டிலேயே மாவு பிசைந்து, தட்டி, பலகையில் வைத்துத் துணி போர்த்தி அடுப்புக்கு அனுப்புவார்கள். ஜீலாலி நீண்ட மரத் துடுப்பில் அதை வாங்கி உள்ளே தள்ளி, வெந்ததும் அதே பலகையில் திருப்பித் தருவார். மாவில் அவர் விரல் படுவதில்லை. எத்தனை வீட்டு ரொட்டி வந்தாலும் எது எவருடையது என்று கேட்காமலே அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் கோதுமை குறைந்து பார்லி கூடியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதாவது யார் வீட்டில் கஷ்டம் என்பது இந்த ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து அது வெளிவந்ததில்லை. நான் பல தடவை சாமர்த்தியமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "மாவு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான், டீயைக் குடிங்க" என்பார். அவ்வளவுதான் பதில்.

ஜீலாலியின் இந்தக் குணத்தைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வழக்கே இதில்தான் இருக்கிறது.

3. ஆலிவ் பறிக்கும் பருவத்தில் எங்கள் சந்தில் சொறிசிரங்கு வந்தது. பறிக்கப் போனவர்கள் தோட்டத்துக் கொட்டகையில் நெருக்கிப் படுத்ததில் ஒட்டிக்கொண்டது என்று நர்ஸ் நுஹைலா சொன்னார். நானும் அதையேதான் முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். ஐயா, சொறிசிரங்கு மருந்துகளைப் பற்றி இந்த மாகாணத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க முடியாது. மருத்துவர்கள் அதைப் புத்தகத்தில் படித்தார்கள், நான் தோலில் படித்தவன். சிறுவயதில் என் தாயார் கந்தகப் பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். நான் நடந்தால் தெருநாய்கள் ஒதுங்கி வழிவிட்டன. அது போதாதென்று மாமா ஒருவர் ஒட்டகத்துக்குப் பூசும் தாரைக் கொண்டுவந்தார். அதைப் பற்றி எழுத இந்தக் காகிதம் தாங்காது. படையில் கோவேறு கழுதைப் பிரிவில் இருந்தபோது எங்கள் முகாம் முழுவதும் சொறிந்தது. நாங்கள் சொறியும் சத்தத்தை மழை என்று நினைத்து எதிர்க் குன்றுக்காரர்கள் காயப்போட்ட துணிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். அப்போது வெள்ளைத் தைலம் ஒன்று வந்தது. எங்களை வரிசையாக நிறுத்தி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையால் சார்ஜன்ட் அடித்தார். எரிச்சலில் ஒருவன் முகாமிலிருந்து ஆறுவரை ஓடினான், அவனுக்கு ஓட்டப்பந்தயப் பரிசே கொடுத்திருக்கலாம். பின்னாளில் மரலாரி ஓட்டியபோது ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். விழுங்கிவிட்டு வண்டி ஓட்டினேன், பூச்சி வழியிலேயே இறங்கிவிட்டது.

இத்தனையும் பட்டவன் என்ற முறையில் சான்று தருகிறேன்: தாங்கள் இந்த முறை அனுப்பிய பெர்மெத்ரின் களிம்பு உயர்ந்த மருந்து. எரிச்சல் இல்லை, நாற்றம் இல்லை. மருந்தின் பேரிலோ நர்ஸின் பேரிலோ எனக்குப் புகார் எதுவும் இல்லை.

4. நர்ஸ் நுஹைலா வீடு வீடாக வந்து குழாய் குழாயாகக் களிம்பு கொடுத்து, உபயோகிக்கும் முறையைச் சொன்னார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகக்கண் விடாமல் பூச வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். இராத் தொழுகை முடிந்ததும் பூசி, விடியல் தொழுகைக்கு எழுந்ததும் குளிக்கலாம். எங்கள் குளிர்கால இரவு நீளமானது, மருந்துக்கு அந்த நேரம் தாராளம். உடுப்பையும் போர்வையையும் கொதிநீரில் அலச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை பூச வேண்டும். சந்தே பூசிக்கொண்டது. அந்த ஒரு இரவு எவர் வீட்டிலும் சண்டை இல்லை. வழுக்கும் என்று யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

ஊர் குணமாயிற்று. ஜீலாலியின் வீடு மட்டும் குணமாகவில்லை. எல்லாருக்கும் நின்ற சில வாரங்களில் அந்த வீட்டில் மறுபடி தொடங்கியது. முதலில் ஜீலாலியின் விரலிடுக்கில், பிறகு தாமோவுக்கு, பிறகு அவர்களோடு இருக்கும் மகள் யாமினாவின் கைக்குழந்தைக்கு. நர்ஸ் மறுபடி களிம்பு கொடுத்தார். மறுபடி எல்லாரும் பூசினார்கள். மறுபடி வந்தது. குழந்தை ரீம் இப்போதுதான் தவழ்கிறது. தாத்தாவைக் கண்டால் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து கை நீட்டும். ஜீலாலி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயால் மட்டும் கொஞ்சுவார். குழந்தைக்குப் புரியாமல் அழும். யாமினா தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். இதை நான் கண்ணால் கண்டவன். இந்த ஒரு இடத்தில் நான் எதையும் கூட்டி எழுதவில்லை.

5. சந்து பேசத் தொடங்கியது. நீரூற்றடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை, என் வீடு எதிரில் இருப்பதால், நான் கேட்க நேர்ந்தது.

"ஜீலாலி அடுப்புல ரொட்டி சுட்டா சொறி இனாமாம்டி."

"அப்ப எங்க மாமியாவைத்தான் அனுப்பணும். இனாம்னா அவங்களுக்கு உயிரு."

காபிக் கடையில் என்னிடமே கேட்டார்கள்: "என்ன பூஷ்தா, ஒங்க மச்சான் களிம்பை ரொட்டியில தடவித் தின்னுட்டாரா?" வேறொருவர் ஒரு படி மேலே போய், ஜீலாலி தனக்குக் கொடுத்த களிம்பை வியாழக்கிழமைச் சந்தையில் விற்றுவிட்டதாகச் சொன்னார். நான் எழுந்து நின்று அவருக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுதினால் இது வேறு நீதிமன்றத்துக்குப் போகும்.

இந்தப் பேச்சு காற்றில் போய்த் தங்கள் ஆய்வாளர் காதில் விழுந்தது. அவர் வந்து ஜீலாலியின் கைகளைப் பார்த்தார். விரலிடுக்கில் புண்ணும் மணிக்கட்டில் கோடும் இருந்தன. அடுப்பு வாயின் இரும்புக் கதவுக்கு அரக்கு வைத்தார். அவர் கடமையைச் செய்தார், அதில் எனக்கு மறுப்பு இல்லை. நல்ல மனிதர். முத்திரை வைக்கும் முன் உள்ளே இருந்த ரொட்டி வேகும்வரை காத்திருந்தார், தாமோ கொடுத்த புதினா டீயையும் குடித்தார்.

6. முத்திரையை நீக்கக் கோரி ஜீலாலி நகர்ப்பிரிவு அலுவலகத்துக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த எழுத்தர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ரெண்டு தடவ களிம்பு குடுத்திருக்கோம் பெரியவரே. ஊரே சரியாயிடுச்சு. ஒங்களுக்கு மட்டும் ஏன் ஆகல? காரணம் எழுதணும், அப்பதான் மேல அனுப்ப முடியும்."

"கையில மருந்து நிக்கல தம்பி."

"நிக்கலன்னா? வழுக்கி விழுந்துடுச்சா?"

"அப்படி வெச்சுக்கயேன்" என்று ஜீலாலி சிரித்தார்.

"தடவுனீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"தடவுனேன்."

"அப்புறம்?"

ஜீலாலி கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குறுக்கே புகுந்து என் படை அனுபவத்திலிருந்து சில விளக்கங்கள் தர முற்பட்டேன். என்னை வெளியே காற்றோட்டமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் கோப்பில் "கொடுத்த மருந்தைப் பயன்படுத்தவில்லை எனத் தெரிகிறது" என்று எழுதப்பட்டது. வெளியே வந்த ஜீலாலியிடம், பொய் எழுதிவிட்டார்களே, ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். "அவன் மேல தப்பில்ல மச்சான், நான் சொல்லாததை அவன் எப்படி எழுதுவான்" என்றார். ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊரார் ரொட்டியை வேகவைத்துத் தந்தவர் மேல், தனக்குக் கொடுத்த மருந்தையே பூசிக்கொள்ளாத சோம்பேறி என்றோ அதை விற்றுவிட்ட திருடன் என்றோ ஓர் எழுத்து இருக்கிறது. முத்திரையைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

7. இந்தப் பத்தியைத் தாங்கள் மட்டும் படிக்க வேண்டும்.

முத்திரை வைத்தபின் ஒரு நாள் பிற்பகல் நர்ஸ் நுஹைலா குழந்தையைப் பார்க்க வந்தார். வீட்டார் அனைவரையும் உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "களிம்பு பூசுன ராத்திரி யாராவது தண்ணியில கை வெச்சீங்களா?" யாமினா இல்லை என்றாள். தாமோ இல்லை என்றாள். ஜீலாலியின் முறை வந்தது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "அடுப்பைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். அடுப்புக்கு அரக்கு வைத்திருக்கிறது. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அவர் தலை மறைந்ததும் தாமோ நர்ஸைச் சமையற்கட்டுக்குள் இழுத்துப் போனாள். ஆலிவ் ஊறல் பதமாகிவிட்டதா என்று ருசி பார்ப்பதற்காக நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். அதனால் எல்லாம் கேட்டது.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதும்மா" என்றாள் என் தங்கை. "இவரு ராத்திரி பாதியில எந்திரிச்சு கை கால் கழுவி ஒளு செஞ்சு தொழுவாரு. கல்யாணம் ஆன வருஷத்துலேந்து. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அடுப்புக் கொட்டகைக்குப் போயிடுவாரு. அடுப்பு மூட்டப் போறாருன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாருன்னு குறட்டைகூட விட்டுக் காட்டுவேன்."

"யா அல்லாஹ்!" என்றார் நர்ஸ். "கையையும் காலையும்தானே கழுவுவாரு? பூச்சி குடியிருக்கிறதே அந்த விரலிடுக்குலதானே! நான் பூசச் சொன்னதை அவரு கழுவி விட்டிருக்காரு."

"கையி காலுதானே, மேலெல்லாம் பூசியிருக்குன்னு நெனச்சிருப்பாரு. கேக்கலாம்னா, ஏன் ராத்திரியில கழுவுறீங்கன்னு நீங்க திருப்பிக் கேப்பீங்கல்ல? அதுக்கு என்ன சொல்லுவாரு பாவம்."

ஐயா, கடமையான ஐந்து வேளைத் தொழுகை ஊரறியச் செய்வது. இரவில் ஒருவர் தாமாக எழுந்து தொழுவது அப்படியல்ல. அதை வெளியே சொன்னால் தனக்காகச் செய்தது பிறர் பார்க்கச் செய்ததாகிவிடும் என்று எங்கள் பக்கத்து நல்லவர்கள் அஞ்சுவார்கள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன், எனக்குத் தூக்கம் கொஞ்சம் கெட்டி. ஜீலாலி மருந்தை மறுக்கவில்லை. விற்கவில்லை. சோம்பலும் இல்லை. தன் இறைவனுக்கு முன் நிற்பதற்காகக் கழுவிய தண்ணீரில் மருந்து போயிற்று. எஞ்சிய பூச்சி அவர் விரலிலிருந்து பேத்திக்கும் மனைவிக்கும் போயிற்று. அலுவலகத்தில் ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் அடுப்பு திறந்திருக்கும். அவர் அடுப்பையே விட்டுக்கொடுத்தார், அதைச் சொல்லவில்லை.

8. இதன்பின் நர்ஸ் நுஹைலா செய்த காரியத்துக்காக அவருக்குப் பதவி உயர்வு கேட்டு நான் தனியே மனு எழுத உத்தேசித்துள்ளேன். அவர் ஜீலாலியைத் தனியே கூப்பிடவில்லை. ஜீலாலி திரும்பி வரும்வரை காத்திருந்து, எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்:

"இந்த வீட்டுல ராத்திரி யாரு எதுக்குத் தண்ணி தொட்டாலும் கையிலயும் காலுலயும் திரும்பத் தடவிடணும். குழந்தை நனைச்சாலும் சரி, பூனை பாலைக் கவுத்தாலும் சரி. என்ன காரணம்னு நான் கேக்கமாட்டேன். இந்தாங்க, ஒரு குழாய் கூடுதலா. இது தண்ணிச் சொம்புகிட்டயே இருக்கட்டும்."

அன்றிரவு அனைவரும் பூசிக்கொண்டார்கள். தாமோ அந்தக் கூடுதல் குழாயைச் சொம்பின் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலை நான் சாப்பிடப் போயிருந்தேன். குழாய் அடியிலிருந்து பாதிவரை ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருந்தது. தாமோ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "களிம்பு கொறஞ்சிருக்கே, எலி ஏதாவது வந்துச்சோ?" என்றாள். ஜீலாலி ரொட்டியைத் தேனில் தொட்டுக்கொண்டே, "வந்திருக்கும். நல்ல எலியாத்தான் இருக்கும்" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி பூசியபோதும் அதே எலி வந்தது.

9. இப்போதைய நிலைமை: ஜீலாலியின் கையில் புதிய புண் ஒன்றும் இல்லை. நர்ஸ் பூதக்கண்ணாடி வைத்து விரல் விரலாகப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார், இணைத்துள்ளேன். அந்தச் சான்றைவிட உறுதியான சான்று ஒன்று என்னிடம் இருக்கிறது. குழந்தை ரீம் சில வாரங்களாகத் தாத்தாவின் கையிலேயே சாப்பிடுகிறது, கையிலேயே தூங்குகிறது. இறக்கிவிட்டால் வீடே இடியும்படி கத்துகிறது. அதன் மேனியில் ஒரு பொட்டு இல்லை, ரோஜாத் தண்ணீரில் கழுவிய பாதாம் பருப்பு போல இருக்கிறது. எந்த ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய பரிசோதனை நடக்கும்?

ஆனாலும் சென்ற வாரம் நகர்ப்பிரிவு அலுவலகத்தில் ஜீலாலி மணிக்கட்டைச் சொறிந்ததை அந்த எழுத்தர் பார்த்துவிட்டு, "இன்னும் சொறியிறாரே, எப்படித் தெறக்க முடியும்?" என்று கோப்பை மூடிவிட்டார். இது தவறு. பூச்சி செத்த பிறகும் தோலில் அரிப்பு சில வாரம் நீடிக்கும் என்று நர்ஸும் சொல்கிறார், என் தோலும் சொல்கிறது. படையில் எங்களுக்கு நோய் தீர்ந்து விடுப்பில் ஊருக்கு வந்த பிறகும், அணிவகுப்பு இசை கேட்டால் நான் சொறிந்துகொள்வேன். விருந்தாளி போனதும் வீடு உடனே பெருக்கப்பட்டுவிடுமா? சொறிகிறவரையெல்லாம் பூட்டுவதென்றால் அந்த எழுத்தரே பேசும்போது காதைச் சொறிகிறார். நான் கவனித்தேன்.

10. தாங்கள் விரைந்து ஆவன செய்ய வேண்டிய காரணம் ரமலான். பிறை காண இன்னும் அதிக நாள் இல்லை. இந்த ஷஃபான் மாதத்தில்தான் பெண்கள் நோன்பு மாதத்துக்கான ஸெல்லூ இனிப்புக்கு மாவை வறுக்க அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். எள்ளும் பாதாமும் தட்டுத் தட்டாக வரும், சந்தே மணக்கும். இந்த ஆண்டு எங்கள் பெண்கள் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டி, மேட்டுத் தெரு அடுப்புக்கு மழையில் போகிறார்கள். அந்த அடுப்புக்காரர் மாவைக் கருக்குகிறார், கேட்டால் "ஒங்க மாவு அப்படி" என்கிறார். ரொட்டி வீடு வருமுன் ஆறிவிடுகிறது. சொறி இனாம் என்று சொன்ன அந்தப் பெண்மணியே நேற்று என்னை நிறுத்தி, "ஜீலாலி அண்ணே எப்ப தெறப்பாரு? அந்தக் கருகுனதை எங்க வீட்டுக்காரரு திங்கமாட்டேங்குறாரு" என்று கேட்டார். மாமியார் என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜீலாலி ஒவ்வொரு காலையும் கொட்டகைக்குப் போய், அரக்கு வைத்த கதவுக்கு முன் தரையைப் பெருக்கி, துடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு வருகிறார்.

11. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) ஆய்வாளரை மீண்டும் அனுப்பி ஜீலாலியின் கைகளைப் பார்க்கச் செய்து, ரமலான் பிறைக்கு முன் முத்திரையை நீக்குமாறும்,

(ஆ) கோப்பில் மருந்தைப் பயன்படுத்தவில்லை என்று எழுதியுள்ளதை அடித்து, அதற்குப் பதிலாக "மருந்தைப் பயன்படுத்தினார், குணமடைந்தார்" என்று மட்டும் எழுதுமாறும்,

(இ) களிம்போடு கொடுக்கும் அறிவிப்புத் தாளில், "இரவில் எக்காரணத்தாலும் கை கால் கழுவ நேர்ந்தால், உடனே அங்கே மீண்டும் பூசவும்" என்று ஒரு வரியைச் சேர்க்குமாறும் வேண்டுகிறேன். எக்காரணத்தாலும் என்பதே போதும், காரணத்தை விளக்க வேண்டாம். எங்கள் சந்தில் ஒரு ஜீலாலிதான் இருக்கிறார். ஆனால் இந்த மாகாணத்தில் எத்தனை கொட்டகைகளில் எத்தனை பேர் இருட்டில் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் விருப்பம்.

12. கடைசியாக ஒன்று. உத்தரவை ஜீலாலியிடம் கொடுக்கும்போது ஏழாம் பத்தியில் கண்டதை வாயாலோ எழுத்தாலோ அவர் முன் எடுக்க வேண்டாம். ஒரு கண்ணசைவுகூட வேண்டாம், அவர் புரிந்துகொள்வார். புரிந்துகொண்டால் அடுப்பு திறந்த சந்தோஷம் அவருக்கு இருக்காது. என் தங்கையும் குறட்டை விடுவதை நிறுத்த வேண்டியிருக்கும். பத்தியைப் படித்தபின் அந்தத் தாளைத் தாங்களே கிழித்துவிட்டால் இன்னும் நல்லது.

நான் எழுதும் மனுக்களையெல்லாம் காபிக் கடையில் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன் என்பது இந்த ஊர் அறிந்தது. இதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. தாமோவுக்கும் தெரியாது. மனு கொடுத்தது யார் என்று ஜீலாலி கேட்பார், நிச்சயம் கேட்பார். பொதுமக்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.

(நீரூற்றுக் கல்வெட்டு மனு அப்படியே நிலுவையில் இருக்கட்டும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.)

தங்கள் வீட்டு ரொட்டி என்றும் சூடாக இருக்க வேண்டிக்கொண்டு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
பூஷ்தா ஸெர்வாலி

இடம்: அயின் லஹ்மாம்
நாள்: ஷஃபான் பிறை 20

இணைப்பு: நர்ஸ் நுஹைலா அவர்களின் சான்று. தனிப் பொட்டலத்தில் ஆலிவ் ஊறல் ஒரு ஜாடி. இது லஞ்சம் அல்ல, மாதிரி.